அரை நாள் சுற்றுலாவுக்கு ஒரு பிடி மண்

எங்கள் காயலில் பிறந்த யாரும் தீவு என்று சொல்ல மாட்டார்கள், திட்டு என்றுதான் சொல்வார்கள். படகுத்துறையில் நீலப் பலகையில் 'கைவினைத் தீவுகள், அரை நாள் படகுச் சுற்றுலா' என்று எழுதியிருக்கிறதே, அது வெளியூர்க்காரர்களுக்காக நான் என் கையால் எழுதியது. படகை ஓட்டுவது செலஸ்டின், வாயை ஓட்டுவது நான், பெயர் வள்ளிமயில். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் முதலில் சங்கு அறுத்து வளையல் செய்கிற சங்குத்திட்டு, அடுத்து பனையோலையில் பெட்டியும் விசிறியும் பின்னுகிற ஓலைத்திட்டு, கடைசியில் நான் பிறந்து வளர்ந்து இன்றைக்கும் குடியிருக்கிற வேளார் திட்டு. அங்கே பானை வனைவதைப் பார்த்து, கையில் கொஞ்சம் சேற்றைப் பூசிக்கொண்டு போட்டோ எடுத்து, குதிரை பொம்மையோ தயிர்ச்சட்டியோ வாங்கிக்கொண்டு, ஒரு மணிக்கெல்லாம் கரைக்குத் திரும்பிவிடலாம். போன மாசி மாதம் வரைக்கும் எங்கள் சுற்றுலா இவ்வளவுதான்.

தொழிலுக்கு ஒரு குறையும் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படகில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு "இதெல்லாம் அழிஞ்சிட்டு வருதுல்ல?" என்று என்னிடம் துக்கம் விசாரிப்பார்கள். அழியவாவது! சூளையிலிருந்து எடுத்த சட்டி சூடு ஆறுவதற்குள் விற்றுப்போகும். அழிந்துகொண்டிருந்தது திட்டுதான். எனக்கு விவரம் தெரிந்து மூன்று தெருவைக் காயல் தின்றிருக்கிறது, சூளையை நான்கு தடவை உள்ளே தள்ளிக் கட்டினார்கள், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தண்ணீருக்குள் போய்விட்டதால் சுதந்திர தினத்துக்கு ஹெட்மாஸ்டர் படகில் போய்க் கொடியேற்றிவிட்டு, படகில் நின்றபடியே மிட்டாய் கொடுத்தார். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், தலையை ஆட்டினார்கள், தயிர்ச்சட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். நூற்றுப்பத்துக் குடும்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று நெருங்கி நெருங்கி, ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு சொல்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

மாசி மாதம் என் தங்கச்சி தேவானை வந்தாள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயசு, எனக்கு இருபது. கல்யாணமும் வேண்டாம் காட்சியும் வேண்டாம் என்று அவளை இடுப்பில் வைத்து வளர்த்து, கரையேறி ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகிற நெடுங்கரிசல் என்ற ஊரில், எங்களைப் போலவே மண் மிதிக்கிற குடும்பத்தில், இருளப்பனுக்குக் கட்டிக்கொடுத்தேன். ஏழு வருஷம் பிள்ளையில்லை. எங்கள் ஐயனாருக்கு ஒரு மதலை, அதாவது மண்ணால் ஒரு குழந்தை பொம்மை, செய்து வைப்பதாக நேர்ந்துகொண்ட பிறகுதான் மகள் பிறந்தாள். சான்றிதழில் தன்யஸ்ரீ என்று இருக்கிறது, அது எனக்கு வாயில் நுழையவில்லை, சிட்டு என்றுதான் கூப்பிடுவேன், அவளும் அதற்குத்தான் திரும்புவாள்.

மதலை செய்ய நேர்ந்தவர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து வேளார் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிடிமண் என்று பெயர். அது ஊர்ப் பொது மண்ணாக இருக்க வேண்டும், கண்மாய்க்கரையில் எடுத்ததோ கோயில் வாசலில் எடுத்ததோ, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத மண். கிளம்புவதற்கு முன்னால் தேவானை போனில் கேட்டாள், "அக்கா, கண்மாய் ரெண்டு மைல் தள்ளி இருக்கு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இந்த வெயில்ல போகணுமா?"

"நீ ஒண்ணும் அலைய வேண்டாம். உன் வீட்டு முத்தத்துலயே அள்ளிக்க. ஐயனாரு என்ன, வந்து பாத்துக்கிட்டா இருக்காரு?"

சொன்னது இந்த வாய்தான். வேறு யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கறுப்பு மண்ணில் எங்கள் ஊர்ப்பெரியவர் சிதம்பர வேளார், எனக்குச் சித்தப்பா முறை, அழகாக ஒரு மதலை செய்து கொடுத்தார். மிச்சம் இருந்ததை வடக்குக் கரையில் கொட்டி, திட்டு மண்ணோடு சேர்த்து மிதித்துவிட்டார். எதற்கு மிதித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வேளார் கால் அப்படி. இரண்டு விதமான மண் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் மிதித்து ஒன்றாக்காமல் எங்களுக்குத் தூக்கம் வராது. மறுநாள் காலையில் அந்த இடத்தில், முந்தின நாள் தண்ணீர் இருந்த இடத்தில், ஒரு முற்றம் அளவு நிலம் கிடந்தது.

சித்தப்பா அதன் மேல் நாலு பக்கமும் அடி வைத்து நடந்து பார்த்து, "கிழக்க கொஞ்சம் கோணலா இருக்கு, பரவாயில்ல" என்றார். சித்தி அன்றைக்கே அதில் பாய் விரித்து வற்றல் காயப்போட்டாள். ஹெட்மாஸ்டர் வந்து, கொடிக்கம்பத்தை இங்கே நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த நிலம் நாளுக்கு நாலு விரல் அகலம் வளர்கிறது என்பதை முதலில் கவனித்தவை கோழிகள்தான், அவை தினமும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கிளறின. பத்தாம் நாள் கூட்டம் போட்டார்கள், தேவானை கொண்டுவந்த ஒரு பிடிக்கு இவ்வளவு என்றால் மற்ற பெண்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட அத்தனை பெண்களுக்கும் போன் போனது. பங்குனியில் அவளவள் வீட்டு மண்ணை மடியில் கட்டிக்கொண்டு நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். செம்மண், வண்டல், களி, மணல், எல்லாவற்றையும் கரையில் கொட்டி, மேளம் வைக்காத குறையாகத் திட்டே சேர்ந்து மிதித்தது. சங்குத்திட்டுக்காரர்களும் ஒரு பிடி வாங்கிப் போய்க் கரையில் போட்டுப் பார்த்தார்கள், அலை வந்து வாரிக்கொண்டு போனது. மிதிக்கத் தெரியாதவர்களிடம் மண் நிற்காது என்று எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு ஏக பெருமை.

பெண்கள் தீர்ந்த பிறகு சுற்றுலாக்காரர்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தது நான்தான். போனில் இடம் பதிவு செய்கிறவர்களிடம், "வரும்போது உங்க வீட்டு மண்ணு ஒரு பிடி கொண்டாங்க, எங்க திட்டுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்" என்பேன். கேட்கணுமா! ஜனங்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. பிளாஸ்டிக் பையில், டிபன் டப்பாவில், குங்குமச்சிமிழில், ஒருத்தர் புருஷனின் கைக்குட்டையில், அப்படிக் கொண்டுவந்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு கொட்டிவிட்டு, எங்களோடு சேர்ந்து மிதித்து வீடியோ எடுத்துக்கொண்டார்கள். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் பூந்தொட்டி மண்ணைக் கொண்டுவருவார்கள், அதில் முளைத்த நிலம் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுதான் இருக்கும், ஆனால் நாங்கள் யாரையும் ஏளனம் செய்ததில்லை. வைகாசிக்குள் போன மூன்று தெருவும் திரும்பி வந்து, நாலாவதாக ஒரு தெரு புதிதாக வந்தது. எனக்கு அதில் ஒரு வீடு கொடுத்தார்கள். முதலில் வந்த நிலத்தின் மேல், அதாவது தேவானை மண்ணின் மேல், சூளையைக் கட்டினார்கள்.

வைகாசிக் கடைசியில் முதல் போன் வந்தது. ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், மரியாதையான மனுஷன், "அம்மா, போன மாசக் கடைசியில குடும்பத்தோட உங்க படகுல வந்தோமே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்து, "வீட்டுக் கொல்லையில நான் மண்ணு எடுத்த இடத்துல உப்புத்தண்ணி ஊறுது. நண்டு நிக்குதும்மா" என்றார்.

"மோட்டார் வச்சு இறைச்சுப் பாருங்க சார்."

"இறைச்சாச்சு. மறுபடி ஊறிடுது. ராத்திரி பகலா அலை அடிக்குது."

சமாதானமாக ஏதோ சொல்லி வைத்தேன். அப்புறம் ஒரு அம்மா, கார் நிறுத்துகிற இடத்தில் தரை வெடித்து மீன் துள்ளுகிறது என்று. அப்புறம் ஒரு ஆள் போனைக் கீழே எங்கேயோ காட்டிப் பிடித்திருக்கிறார் போல, தண்ணீர் சத்தம் மட்டும் வந்தது. அது எங்கள் தண்ணீர். படகுத்துறைத் தூணில் தினமும் மோதுகிற அதே சத்தம், பிறந்ததிலிருந்து கேட்கிற எனக்கு அது தெரியாமலா போகும்? போனை வைத்துவிட்டுப் பித்துப் பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கூட்டத்தில் சொன்னேன். யாரும் முகம் மாறவில்லை, சொல்லாமலே அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அவரவர் வீட்டுப் பெண்களும் போன் செய்திருப்பார்கள்தானே. சிதம்பர வேளார் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். "ஆளுக்கு ஒரு பிடி. அவங்களுக்கு என்ன, பெரிய பெரிய ஊரு, நிலத்துக்கா பஞ்சம்? நம்மள மாதிரி நாலு பக்கமும் தண்ணியா அவங்களுக்கு?" என்றார். யாரோ, "பலகையில இருக்கற போன் நம்பர அழிச்சிட்டா நல்லது" என்றார்கள். மறுநாள் காலையில் அதே நீலப் பெயின்ட்டை எடுத்து, நம்பர் இருந்த இடத்தில் இரண்டு கோட்டிங் பூசினேன். மிச்சம் இருந்ததில் பலகையின் ஓரத்தையும் புதுப்பித்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் தேவானைக்கு என் நம்பரைப் பலகையைப் பார்த்தா தெரிய வேண்டும்?

ஆடி முதல் வாரம் அழைத்தாள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள், "அக்கா, எங்க முத்தத்துல மடவை மீனு துள்ளுதுக்கா!" அவளுடைய கரிசல் மண்ணில் சித்திரையில் விழுந்த வெடிப்புகள் அத்தனை மாதமும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன, குடித்து நிறைந்த பிறகுதான் மேலே வந்திருக்கிறது. கடலையே பார்த்திராத ஊர் கூடி நின்று வேடிக்கை பார்த்ததாம், மாமியார் உப்புக் கண்டம் போட்டுத் தெருவுக்கே கொடுத்தாளாம், இருளப்பனுக்கு ஒரே தலைகால் தெரியாத சந்தோஷமாம். நான் சிரிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "சிட்டு என்ன பண்றா?" என்றேன். "தவழ ஆரம்பிச்சுட்டாக்கா. இறக்கி விட்டா நேரா தண்ணியப் பாத்துத்தான் போறா" என்றாள்.

ஆடி நடுவில் தண்ணீர் வாசற்படி ஏறியது. மாமியாரை மூத்த மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். மூன்று பேரும் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்தார்கள், விடிந்தபோது தண்ணீர் அந்த வீட்டுக்குள் அவர்கள் பாய்க்கு அடியில் நின்றது. ஊர்ச் சாவடியில் போய்ப் படுத்தார்கள், அங்கேயும் வந்தது. வீட்டுக்காரர்களைத் தேடி வருகிற தண்ணீர் என்று தெரிந்ததும் நெடுங்கரிசல்காரர்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை, கையெடுத்துக் கும்பிட்டு, "தாயி, உங்க வீட்டுக்கே திரும்பிப் போயிருங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். போன பிறகு அந்த வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கரை கட்டினார்கள், அவர்களை உள்ளே வைத்து. வேளாவேளைக்குக் கரை மேல் நின்று கயிற்றில் கட்டிச் சோறு இறக்கினார்கள். இதையெல்லாம் தேவானை போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஆவணி பிறந்தபோது அவள் சிரிப்பு நின்றிருந்தது.

கூட்டம் போடச் சொன்னேன். "என் தங்கச்சி மண்ணைக் குடுங்க. நான் கொண்டு போய்ப் போட்டுடறேன்" என்றேன்.

சிதம்பர வேளார், "எது உன் தங்கச்சி மண்ணு? காட்டு, எடுத்துக் குடுக்கறேன்" என்றார்.

"சூளைக்கு அடியில இருக்கறது சித்தப்பா."

"அது மாசியில. அதுக்கப்புறம் பங்குனியில நாப்பது பேரு மண்ணு, அதுக்கு மேல ஐந்நூறு பேரு மண்ணு. எல்லாத்தயும் மிதிச்சாச்சே வள்ளி. நீயுந்தான மிதிச்ச."

அத்தனை பேரும் தலையைக் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இந்த உலகத்தில் வேறு எந்த ஜனமாக இருந்தாலும் மண்ணை மண்ணாகக் குவித்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு பிடியும் தனித்தனியே கிடந்திருக்கும், யார் வந்து கேட்டாலும் இந்தா என்று எடுத்துக் கொடுத்திருக்கலாம். நாங்கள்தான் மாவு மாதிரி மிதித்து மிதித்து ஒன்றாக்கிவிட்டோம்.

"ஒரு பிடி எடுத்தா தங்கச்சி பங்கு அதுல ஒரு சிட்டிகை இருக்குமோ என்னமோ" என்றார் சித்தப்பா, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "உனக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேரு வருவாங்க. அப்புறம் அந்த வாத்தியாரு வருவாரு. நாம எங்க போறது?"

நான் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. மறுநாள் சுற்றுலாவில், பதினோரு மணிக்கு வேளார் திட்டில் படகு நின்றதும், வந்தவர்களைச் சக்கரத்தின் பக்கம் அனுப்பிவிட்டு, சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் கண் முன்னாலும் ஒரு பிடி மண்ணை அள்ளினேன். அள்ளின குழியில் உடனே தண்ணீர் கசிந்தது. கசிந்து, ஒரு சட்டி அளவுக்கு வாய் திறந்து, அங்கேயே நின்றது. சித்தி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. மண்ணை முந்தியில் முடிந்துகொண்டு, சுற்றுலாவை ஒழுங்காக முடித்து, எல்லாரையும் கரையில் இறக்கிவிட்டு, செலஸ்டினிடம் இரண்டு நாள் நீயே பேசிக்கொள் என்று சொல்லிவிட்டு, விடியற்காலை முதல் பஸ் ஏறினேன்.

நெடுங்கரிசலில் கரை மேல் ஏறிப் பார்த்தபோது காலை பத்து மணி வெயில். உள்ளே எங்கள் காயல் இருந்தது. அதே பச்சை, அதே நாற்றம், சுவரோரம் அதே பாசி. நடுவில் வீடு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றது. உத்தரத்தில் கட்டிய தொட்டிலில் சிட்டு கிடந்தாள், கீழே தொங்குகிற சேலையின் நுனி நனைந்திருந்தது, அவள் கையை வெளியே நீட்டித் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இருளப்பன் கூரையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். தேவானை என்னைப் பார்த்ததும் ஓடிவரப் பார்த்தாள், தண்ணீரில் எங்கே ஓடுவது. கால் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. நான் வளர்த்த பிள்ளை, ஒரு நாள் காய்ச்சலுக்குத் தனியாக விட்டதில்லை. கட்டிக்கொண்டு அழுதேன், அழாமல் இருக்க நான் என்ன கல்லா?

"எம்மேலதான்டி தப்பு. முத்தத்துல அள்ளுன்னு நான் சொன்னேன்."

"அத விடுக்கா. மண்ணு கொண்டாந்தியா?"

முடிச்சை அவிழ்த்து, வீட்டு நடுவில் தொட்டிலுக்கு நேர் கீழே போட்டு, இரண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் மிதித்தோம். மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீரிலிருந்து ஒரு மேடு எழுந்தது, முறத்தின் அளவுக்கு, அதற்கு மேல் ஒரு விரல்கூட இல்லை. மற்ற ஐந்நூறு பேர் மண்ணும் கலங்கிக் கரைந்து போய்விட்டது. தேவானை சிட்டுவைத் தொட்டிலிலிருந்து எடுத்து அதன் மேல் உட்கார வைத்தாள். பெரியவர்கள் ஒரு கால் வைத்தால் சரிந்தது, பிள்ளையை மட்டும் தாங்கியது. கரை மேல் சோறு கொண்டுவந்து நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கைதட்டினார்கள்.

"இவளுக்கு எடம் ஆச்சு" என்றாள் தேவானை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கணக்குப் போடுவாளே, அப்படி விரல் மடக்கி எண்ணினாள். "இன்னும் நாலஞ்சு பிடி போதும்க்கா, நாங்க ரெண்டு பேரும் ஏறி உக்காந்துக்குவோம். தண்ணி நாளுக்கு நாலு விரலு ஏறுது. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருவியா?"

"முந்தியில முடிய மாட்டேன்டி, சாக்குல கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை படகுத்துறையில் இருபத்திரண்டு பேர் டிக்கெட்டோடு நின்றார்கள். செலஸ்டின் என் முகத்தைப் பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பினான். சங்குத்திட்டில் நிற்கும்போதே தெற்கே வேளார் திட்டுக்கு மேல் புகை தெரிந்தது. சூளைப் புகை ஒரு இடத்திலிருந்து எழும், இது திட்டு முழுக்க எழுந்தது. ஓலைத்திட்டில் எல்லாரையும் இறக்க எனக்குப் பொறுமையில்லை, நேரே விடச் சொன்னேன், ஒரு அம்மா பனையோலைப் பெட்டி வாங்க வேண்டும் என்று சடைத்துக்கொண்டாள். கிட்டே போகப் போகப் புதுச்சட்டியில் முதல் தண்ணீர் ஊற்றினால் வருகிற வாசம் வந்தது.

எங்கள் ஜனம் முழுக்க, நூற்றுப்பத்துக் குடும்பமும், பெட்டி படுக்கை கோழி ஆட்டோடு படகுகளில் ஏறித் திட்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கூரைகளைப் பிரித்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு உள்ளே வெளியே என்று பாராமல், தெருவெல்லாம், ஐயனார் வாசலெல்லாம், வைக்கோலும் எருவும் விறகும் அடுக்கி, மேலே சேறு பூசி, திட்டையே ஒரு சூளையாக்கி இரண்டு நாளாக எரித்திருக்கிறார்கள். என் வீட்டுச் சாமான்களையும் ஒரு படகில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள், சாமி படத்துக்குப் போட்டிருந்த மாலைகூடக் கசங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அணைந்து சாம்பலை ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். அடியில் திட்டு சிவந்து கிடந்தது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே ஓடாக.

படகு தட்டுவதற்குள் குதித்தேன். உள்ளங்கால் பொரிந்தது. சூளை இருந்த இடத்துக்கு ஓடி, மண்டிபோட்டு, விரலால் சுரண்டினேன், நகம்தான் பெயர்ந்தது. முஷ்டியால் குத்தினேன், நல்ல பானையைத் தட்டிப் பார்ப்போமே, அந்தச் சத்தம் வந்தது. யாரோ போட்டுவிட்டுப் போன கடப்பாரையை எடுத்து இடித்தேன், சில்லு சில்லாகத் தெறித்தது. வேளார் வீட்டில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பச்சை மண்ணை எத்தனை தடவை வேண்டுமானாலும் கரைக்கலாம், மிதிக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். சுட்டுவிட்டால் அது யாருடைய மண்ணும் இல்லை.

சித்தப்பா கையில் துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு நாளில் பத்து வயசு கூடியிருந்தது அவருக்கு. "நீ தோண்டுன குழியில தண்ணி வந்ததப் பாத்தமே வள்ளி. பயந்துட்டோம். மண்ணா இருந்தாத்தான கேப்பாங்க" என்றார். "இனிமே காயலும் இத ஒண்ணும் பண்ண முடியாது. என் பொண்ணும் அஞ்சு ஊரு தள்ளித் தண்ணிக்குள்ளதான் நிக்கிறா, தெரியுமில்ல உனக்கு?"

எனக்குத் தெரியாது. அவரைக் கடப்பாரையால் அடிக்க வேண்டும் என்று வந்த வெறி அந்த வார்த்தையில் எங்கே போனதென்று தெரியவில்லை.

அதற்குள் இருபத்திரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். செருப்புக் காலோடு தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், குழந்தைகள் குதித்துக் குதித்துச் சத்தம் எழுப்பின, பெட்டி வாங்காத அம்மாவுக்குக் கோபமெல்லாம் போய், "அடேங்கப்பா, ஒரு ஊரையே சுட்டிருக்கீங்களே! எப்படிங்க இது? சொல்லுங்களேன்" என்று என் பக்கம் திரும்பினாள். எல்லாரும் திரும்பினார்கள். விளக்கம் சொல்வது என் வேலைதானே.

இடுப்பில் போன் அடித்தது.

"அக்கா, கிளம்பிட்டியா?" தேவானைதான். அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர், எங்கேயும் மோதாத, ஆழமான தண்ணீரின் சத்தம். "ஒரே ராத்திரியில இடுப்புக்கு வந்துருச்சுக்கா. அவரு கூரையில ஏறிட்டாரு. மேட்டுல சிட்டு மட்டுந்தான் உக்காந்திருக்கா, நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"கிளம்பிட்டேன்டி."

"மண்ணு எடுத்துக்கிட்டியா?"

சித்தப்பா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். படகுகளிலிருந்து ஒவ்வொருவராக இறங்கித் தங்கள் வீடுகள் நின்ற இடத்துக்கு நடந்து போனார்கள்.

"ஒரு சாக்கு நெறைய எடுத்துக்கிட்டேன். பஸ்ஸுல உக்காந்திருக்கேன். நீ பிள்ளைய விட்டுறாத" என்றேன்.